வாய் திறவா வகுப்பு

எங்கள் பாடசாலைக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஆங்கில ஆசிரியை ஒருவர் வந்து சேர்ந்தார். வயதால் என் மகளையொத்தவர். கல்வியியற் கல்லூரியிலே பயிற்சி முடித்து, முதல் நியமனமாகவே உடப்புசல்லாவைக்கு வந்தவர். அவர் வருவதற்கு முன் ஆங்கிலப் பாடம் எங்களிடம் விருந்தாளி போல இருந்துவந்தது. ஒரு தவணை இருக்கும். மறு தவணை இடமாற்றம் பெற்றுக்கொண்டு போய்விடும். ஆகவே அவர் வரவு கண்டு நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். எங்கள் மகிழ்ச்சி நீடித்தது, அவருடையதுதான் நீடிக்கவில்லை.

ஒருநாள் பாடசாலை விட்டபின், ராகலைக்குச் செல்லும் பஸ்ஸை எதிர்பார்த்து மூடுபனியிலே நின்றுகொண்டிருந்தோம். அவர் என்னிடம், "ஐயா, இந்தப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியுது, வாசிக்கத் தெரியுது. எழுப்பிப் பேசச் சொன்னா மட்டும் ஊமையாயிடுறாங்க. நான் எங்க பிழை விடுறேன்னு எனக்கு விளங்கவே இல்ல" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. பனியினாலும் இருக்கலாம்.

நான் தமிழ்ப் பண்டிதன். கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டு, இருபத்தெட்டாண்டுகளாக இந்த மலையிலே தமிழ் கற்பித்து வருபவன். ஆங்கிலத்திற்கும் எனக்கும் உள்ள உறவு, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திற்குப் போய்ப் பந்தியில் இருந்து எழுந்து வருவது போன்ற உறவு. முறை தெரியும்; உரிமை கிடையாது. எனினும் வகுப்பறை என்பது எம்மொழிக்கும் பொதுவன்றோ? "ஒருநாள் உங்கள் வகுப்பில் கடைசி வாங்கிலே வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் சம்மதித்தார்.

அன்று நான் கண்டதை உள்ளபடி சொல்கிறேன். ஆசிரியை ஒரு வாக்கியத்தைச் சொன்னார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒருமித்து முழங்கினார்கள். தகரக்கூரை அதிர்ந்தது. உச்சரிப்புங்கூடக் குற்றஞ்சொல்லும்படி இல்லை. அடுத்து அதே வாக்கியத்தை வினாவாக மாற்றி, ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பினார். அந்தக் கணத்திலே வகுப்பு மாறிவிட்டது. எழுந்த பிள்ளை வாங்கின் விளிம்பைப் பற்றிக்கொண்டது. கண்கள் தரைக்குப் போயின. பக்கத்திலிருந்த பிள்ளை உதட்டை அசைத்து விடையை ஊட்டியது. ஊட்டிய விடை சரியான விடையே. அதுவும் வாய்வரை வந்து நின்றது; வெளியே வரவில்லை. ஆசிரியை பொறுமையாகக் காத்திருந்தார். அவர் காத்திருக்கக் காத்திருக்க அந்தப் பிள்ளையின் கழுத்து இன்னும் தாழ்ந்தது. மழை பெய்யும் ஓசை மாத்திரம் கேட்டது. பின்பு பயிற்சிக் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். எழுந்து நின்று ஊமையான அதே பிள்ளை, அதே விடையைப் பிழையறத் தன் கொப்பியில் எழுதியிருந்தது.

தெரியாதவன் வாய் திறவாதிருப்பது இயல்பு. தெரிந்தவன் திறவாதிருப்பதற்குத் தனியே ஒரு காரணம் இருத்தல் வேண்டும்.

ஆசிரியை தமது பயிற்சிக் காலத்திலே, தென்கொரிய நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்களின் அனுபவங்களைப் படித்தவர். அங்கும் இதே கதைதான் என்றார். நான் வியந்தேன். கொரியரோ கல்விக்காக எதையும் செய்யும் மக்கள். 1997ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைப் பாடமாக்கியவர்கள். ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையிலே, ஆங்கிலக் கேட்டற் பகுதி நடக்கும் வேளையில், அரவம் எழக்கூடாதென்று நாடெங்கும் விமானங்கள் ஏறாமலும் இறங்காமலும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஒரு மொழியைக் கேட்பதற்காக வானத்தையே வாய்பொத்தச் சொல்லும் நாடு வேறெது உண்டு? அத்தகைய நாட்டின் கல்லூரி மாணாக்கரும், பத்தாண்டு ஆங்கிலம் படித்தபின், ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பினால் தரையைப் பார்க்கிறார்களாம். இருவரிருவராக இருத்திப் பேசவிட்டால் பேசுகிறார்களாம். ஆசிரியர் அருகில் வந்தால் நின்றுவிடுமாம்.

இதற்கு அங்கே சொல்லப்படும் விளக்கம் பண்பாடு என்பது. மூத்தோர்முன் அடங்குதல், பிறர்முன் மானத்தைக் காத்தல் ஆகிய குணங்கள் அவர்கள் இரத்தத்தில் ஊறியவை என்பார்கள். இங்கேயும் அவ்வாறே, "தோட்டத்துப் பிள்ளைகள் கூச்ச சுபாவம்" என்று ஒரே வார்த்தையிலே கதையை முடித்துவிடுபவர்கள் உண்டு. இந்த விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளி விட்டதும் லயத்து முற்றத்திலே கிரிக்கெட் ஆடும் இதே பிள்ளைகளின் கூச்சல் மூன்று மலைக்குக் கேட்கிறது. கூச்சம் சுபாவமானால் அது முற்றத்துக்கும் கூட வரவேண்டுமே! பண்பாடு என்று சொல்லிவிட்டால் கற்பிப்பவனுக்கு வேலை இல்லை. ஆகையினால் அச்சொல் நமக்கு வசதியாக இருக்கிறது.

கொரியாவைப் பற்றி இவ்வளவு சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. வகுப்பைப் பார்த்த சில வாரங்களின் பின், ராகலை கடைத்தெருவில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். முப்பதைத் தாண்டிய இளைஞன். ஓட்டோ ஓட்டுபவன். "சேர், நான் கொரியன் படிக்கிறேன்" என்றான். 2004ஆம் ஆண்டில் தென்கொரியா தொடங்கிய தொழில் அனுமதி முறையின்கீழ் இலங்கையிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர்கள் அங்கே தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடித் துறைக்கும் போகிறார்கள். போவதற்குக் கொரிய மொழிப் பரீட்சையிலே தேறவேண்டும். அதற்காக இப்போது மலைநாட்டிலும் மாலை வகுப்புகள் முளைத்திருக்கின்றன.

"பேச வருமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவன் கடைவாசலிலே நின்றபடி, என்னையும், தேநீர்க் கடைக்காரரையும், வாசலில் படுத்திருந்த நாயையும் சுட்டிச் சுட்டிக் கொரிய மொழியிலே ஏதேதோ பேசினான். ஐந்து நிமிடம் ஓயவில்லை. சரியோ பிழையோ நான் அறியேன். பேசினான் என்பதே எனக்குப் போதிய அதிசயம். ஏனெனில் எட்டாம் வகுப்பு முதல் சாதாரண தரம் வரை என்னிடம் படித்த இவன், எட்டாம் வகுப்பின் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பின்னர், என் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"பதினொரு வருடம் படித்த இங்கிலீசு வாயில் வரவில்லை, ஏழு மாதத்தில் இது எப்படி வந்தது?" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "கிளாஸ் எடுக்கிறவர் கொரியாவில ஆறு வருசம் வேலை செஞ்சவருங்க சேர். அவருக்கே நெறைய பிழை வரும். பிழைன்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. எங்களப் பாத்து யாரும் சிரிக்கலைங்க."

முதலில் என் பண்டித மனம் அந்தக் கடைசி வார்த்தைக்குப் போகவில்லை, மொழியமைப்புக்குப் போயிற்று. கொரியம் தமிழன் வாய்க்கு எளிதில் வருவதற்கு அமைப்பிலேயே காரணங்கள் உண்டு. நம்மைப் போலவே அவர்களும் எழுவாயை முதலிலும் செயப்படுபொருளை நடுவிலும் பயனிலையைக் கடைசியிலும் வைக்கிறார்கள். வேற்றுமையுருபு பெயரின் பின்னே வந்து ஒட்டுகிறது. மரியாதை வினைமுற்றிலே புலப்படுகிறது. ககர பகரங்கள் இரண்டு உயிர்களின் நடுவே மெலிந்து ஒலிப்பதும், அதற்கென்று வேறெழுத்து வேண்டாதிருப்பதும் நம்மிடத்துப் போலவே. அப்பாவுக்கு அவர்களும் 'அப்பா' என்றே சொல்கிறார்கள். அம்மாவை 'ஒம்மா' என்கிறார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டிலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதி வெளியிட்டார். இரண்டும் ஒரு குடும்பம் என்பதை மொழியியலறிஞரிற் பெரும்பாலோர் இன்று ஏற்கவில்லை. நானும் அதனை வற்புறுத்த வரவில்லை. உறவு இல்லாவிடினும் ஒற்றுமை கண்கூடு.

அவ்வாறாயின் ஆங்கிலத்தின்முன் கொரிய மாணாக்கனும் மலையக மாணாக்கனும் ஒரே மேட்டைத்தான் ஏறவேண்டியிருக்கிறது. இருவருக்கும் வினை கடைசியில் வரவேண்டும். ஆங்கிலமோ அதைப் பிடுங்கி நடுவில் வைக்கிறது. பெயரின் முன்னே வைக்கும் 'த' என்னும் சிறு சொல் இருவர் மொழியிலும் இல்லை. பல்லை உதட்டில் அழுத்தி ஒலிக்கும் எழுத்து இருவர்க்கும் பகரமாகிவிடுகிறது. நாம் கோப்பி என்பதை அவர்களும் ஏறக்குறைய அப்படியே சொல்கிறார்கள். மெய்யிரண்டு முதலில் வரும் ஆங்கிலச் சொல்லைக் கண்டால் இருவரும் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கொரியன் இரண்டு மெய்யின் நடுவே சேர்க்கிறான். நம் பிள்ளை முன்னே சேர்த்து 'இஸ்கூல்' என்கிறது.

இந்த 'இஸ்கூல்' என்பதைக் கேட்டுச் சிரிக்காத ஆசிரியரை நான் கண்டதில்லை. நானும் சிரித்தவனே. ஆனால் நன்னூலைக் கற்பிக்கும் பண்டிதனுக்கு அதிலே சிரிக்க என்ன இருக்கிறது? ரகரமும் லகரமும் தமிழிலே மொழிக்கு முதலாகா. அவற்றை முதலாகக் கொண்ட வடசொல் வந்தால் முன்னே ஒரு குற்றுயிரைச் சேர்த்துக்கொள்க என்று பவணந்தியார் விதி செய்திருக்கிறார். அதனாலன்றோ ராமன் இராமனாகவும் லோகம் உலோகமாகவும் நம்மிடத்து வழங்குகின்றன? லயத்துப் பிள்ளை அந்த நூலைப் படித்ததில்லை. ஆயினும் அந்நியச் சொல் ஒன்று வாசலுக்கு வந்தவுடன், அந்த விதியின் வழியே நின்று ஓர் இகரத்தைக் கொடுத்து உள்ளே அழைத்துக்கொள்கிறது. இராமன் என்பவனைப் புலவன் என்கிறோம். இஸ்கூல் என்பவனை மடையன் என்கிறோம்.

ஆங்கிலத்தில் 'இஸ்கூல்' சரி என்று நான் வாதிடவில்லை. அது திருத்தப்படவேண்டியதே. திருத்துபவன் தான் திருத்துவது அறியாமையையன்று, ஒரு மொழியின் ஒழுங்கை என்று தெரிந்து திருத்தினால், அவன் குரல் வேறாக இருக்கும் என்பதே என் கருத்து.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பிலே 'காலைப் பொழுது' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். நான் மேலே குறித்த இளைஞன், அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன், தானாகவே கையை உயர்த்தி, எழுந்து வாசித்தான். ஸ்டோரில் சங்கு ஊதினதும் எங்கம்மா பெரட்டுக்குப் போயிரும் என்று தொடங்கினான். மழை பெஞ்சா அரைப்பேரு தான் போடுவாங்க, அன்னிக்கு அம்மா பேசாமலே இருக்கும் என்று அடுத்து வந்தது. நான் நிறுத்தினேன். "பெரட்டு என்பது எந்த நாட்டுத் தமிழ்? பேரு போடுவதென்றால் என்ன?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அம்மா போயிரும், அம்மா இருக்கும் என்கிறாயே; உன் தாய் உயர்திணையா, அஃறிணையா?" என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. எனக்கும் அந்த வினா நயமாகத்தான் பட்டது. அன்று மாலை ஆசிரியர் அறையிலே அதை மறுபடியும் சொல்லிக் காட்டினேன் என்றும் நினைவு. சிறுவன் உட்கார்ந்தான். அதன்பின் மூன்றாண்டுகள் அவன் எழுதிய தமிழ் அப்பழுக்கில்லாத தமிழ். 'அன்னையார் அதிகாலையில் பணிக்குச் செல்வார்' என்று எழுதினான். நான் அதன்கீழே 'மிக நன்று' என்று சிவப்பு மையால் எழுதினேன். அவன் பேசாததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் செய்த பிழை இன்னதென்று, நான் பாடஞ்சொல்லும் நூலே சொல்கிறது. மகிழ்ச்சி முதலிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வரினும் அது இயல்பேயாகும் என்று நன்னூல் வழுவமைதி வகுக்கிறது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது உவப்பினாலாயது என்று மாணவர்க்கு உதாரணமும் காட்டுகிறோம். அன்பினாலே அஃறிணை உயர்திணையாகலாமெனின், அதே அன்பினாலே தாய் 'வரும், போகும், இருக்கும்' என்று வழங்கப்படலாகாதா? மலைநாட்டிலே தாயையும் பாட்டியையும் அவ்வாறு சொல்வது அவமதிப்பன்று, நெருக்கம். பிள்ளை வழுவமைதி பேசினான். பண்டிதன் வழு என்றான்.

இதிலே இன்னொன்றையும் மறைத்தல் கூடாது. நானும் லயத்திலே பிறந்தவன். என் தகப்பனார் கவ்வாத்து வெட்டியவர். என் தாயையும் நான் 'அம்மா வரும்' என்றே சொல்லி வளர்ந்தேன். கல்லூரிக்குப் போன முதல் மாதத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றுமுதல் நாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அந்தச் சிறுவனைத் திருத்தியபோது நான் யாரைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது இன்று எனக்குத் தெரிகிறது. கற்பிக்கத் தகாதவர்க்கு நன்னூல் கூறும் உவமைகளுள் மடற்பனை ஒன்று. தானாக விழுந்தாலன்றிக் காயைப் பிறர் பறிக்க ஒட்டாது, கருக்கு நிறைந்த மட்டைகளோடு நிற்கும் பனை. நான் பல்லாண்டு அவ்வாறு நின்றேன்.

ஆகவே ஆங்கில ஆசிரியைக்கு நான் சொன்ன விடை இதுதான்: "மகள், பிழை உங்கள் வகுப்பில் தொடங்கவில்லை. என் வகுப்பில் தொடங்கியது." தன் தாய்மொழியிலேயே தன் வாய் பிழை என்று கற்றுக்கொண்ட பிள்ளை, அந்நிய மொழியிலே எந்தத் துணிவில் வாய் திறக்கும்? ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழாசிரியர் நாங்கள் பூட்டிக்கொண்டே வருகிறோம். எட்டாம் வகுப்பிலே ஆங்கில ஆசிரியை வந்து திறப்பைத் தேடுகிறார். 1998, 1999ஆம் ஆண்டுகளின் கல்விச் சீர்திருத்தம் முதலாம் வகுப்பிலிருந்தே செயல்வழி வாய்மொழி ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமுரிய ஆண்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, நமக்கியன்ற முறையிலே ஆங்கிலம் பேசுவோம் என்னும் முழக்கமும் எழுந்தது. எல்லாம் நல்ல நோக்கங்கள். ஆயின் அவை யாவும் ஆங்கில வகுப்பைத் திருத்த முயன்றனவேயன்றி, அதற்கு அடுத்த அறையிலிருந்த தமிழ் வகுப்பை எட்டிப் பார்க்கவில்லை.

பரீட்சையே காரணம் என்று கூறுவோரும் உளர். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு எழுத்துத் தாள்களே உள்ளன, பேசினால் புள்ளி இல்லை, ஆகையாற் பேசுவதில்லை என்பது அவர்கள் வாதம். இதிலே உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. என் மாணவன் எழுதப்போகும் கொரியப் பரீட்சையும் வாசித்தலையும் கேட்டலையுமே சோதிக்கிறது. அங்கும் பேசச் சொல்வதில்லை. அவன் பேசினானே!

பின்னர் நாங்கள் இருவரும் சேர்ந்து சில காரியங்களைச் செய்து பார்த்தோம். அதற்கும் நன்னூலே வழிகாட்டியது என்றால் ஆங்கில முறையியல் கற்றோர் நகைப்பார்கள். ஆசிரியன் சொல்வதை மாணவன் எவ்வளவு ஊன்றிக் கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது புலமையிலே காற்பங்குதான் என்கிறது அந்நூல். தன்னோடொத்த மாணாக்கருடன் பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துச் சொல்லுவதால் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த ஒரு துறவி இக்கணக்கைப் போட்டுவைத்திருக்கிறார். நாமோ முழு நாற்பது நிமிடத்தையும் அந்த முதற் காற்பங்குக்கே செலவிட்டு வருகிறோம். அதே நூல், மாணவன் ஆசிரியனை நெருப்பை அண்டுபவன் போல அஞ்சி, மிக நெருங்காமலும் நீங்காமலும் இருக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது. அதை மாத்திரம் நாங்கள் மறவாமற் கைக்கொண்டுவிட்டோம் போலும்.

முதலிலே, தனியாக எழுப்புவதை ஒரு தவணைக்கு நிறுத்தினோம். ஒருமித்து முழங்குவதை நிறுத்தவில்லை. இக்காலத்து முறையியல் நூல்கள் சேர்ந்தோதலைக் கிளிப்பாடம் என்று ஏளனஞ் செய்கின்றன. ஆனால் நன்னூல் கிளியைக் கடை மாணாக்கனுக்கு உவமையாக்கவில்லை; இடை மாணாக்கனுக்கே ஆக்கியது. முப்பது குரலின் நிழலிலே, கூச்சமுள்ள பிள்ளை தன் குரலையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறது. அந்த நிழலை வெட்டிவிட்டு வெயிலில் நில் என்றால் எப்படி? முழக்கத்திலிருந்து ஒரேயடியாகத் தனிக்குரலுக்குத் தாவச் சொல்லாமல், நடுவே இருவர், நால்வர் என்று படி கட்டினோம். இருவரிருவராகப் பேசும்போது ஆசிரியை ஜன்னலருகே போய்த் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்ட பிழைகளை ஒரு துண்டுத்தாளில் குறித்துவைத்து, பெயர் சொல்லாமல், கடைசியிலே கரும்பலகையில் எழுதுவார்.

அடுத்து, பிள்ளைகளின் வாயிலே ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்தை வெளியே எடுத்தோம். இது என் யோசனை. என் பிராயச்சித்தம் என்றும் சொல்லலாம். லயம், பெரட்டு, கிளாக்கர், கண்டக்டர், ஸ்டோரு, டீமேக்கர், செக்ரோலு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் ஆங்கில வடிவை எழுதச் செய்தேன். பெரட்டு என்பது 'பரேட்' என்று கண்டபோது வகுப்பு சிரித்தது. ஒருவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பன்று அது. அப்பட்டியலிலே நாற்பத்தொரு சொற்கள் சேர்ந்தன. ஆங்கிலம் தெரியாது என்று எண்ணியிருந்த பிள்ளைகள், தங்கள் பாட்டிமாருக்கே ஆங்கிலம் தெரியும் என்று அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள்.

மூன்றாவதாக, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு பாடவேளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பி, சிறுவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் செய்தோம். அந்த அரைப்பங்கு இதுவே. தரையைப் பார்த்து நிற்கும் பிள்ளை, தன்னிலும் சிறிய பிள்ளைமுன் நிமிர்ந்து நிற்பதை நீங்கள் வந்து பார்க்கவேண்டும்.

எல்லாம் கைகூடிவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். இருவரிருவராகப் பேசவிட்ட நேரத்திலே பாதி, தமிழில் ஊர்வம்பாகக் கழிந்தது. அடுத்த வகுப்பு ஆசிரியர் இரைச்சலைப் பற்றி அதிபரிடம் முறையிட்டார். அவர் முறையீடும் நியாயமே, நடுவே இருப்பது ஒரு பலகைத் தட்டிதான். வகுப்பைப் பார்வையிட வந்த ஒருவர், பாடத்திட்டத்தின் எந்தப் பக்கத்தில் இது இருக்கிறது என்று கேட்டார். ஆசிரியைக்கு விடை சொல்லத் தெரியவில்லை. எனக்கு நன்னூலில் இருக்கிறது என்று சொல்லத் துணிவில்லை. ஒரு பையன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அவன் தாய் மத்திய கிழக்கில் இருக்கிறாள். அவன் மௌனத்துக்கு என் இலக்கணத்திலே விதி இல்லை.

தமிழ் வகுப்பிலும் என் முறையை மாற்றிக்கொண்டேன். பேச்சுத் தமிழிலே சொல், பிறகு இருவரும் சேர்ந்து எழுத்துத் தமிழாக்குவோம் என்கிறேன். செந்தமிழைக் கைவிட்டுவிட்டேனா என்று சக பண்டிதர் ஒருவர் தொலைபேசியிலே கடிந்துகொண்டார். கைவிடவில்லை. செந்தமிழுக்குப் போகும் பாதை பிள்ளையின் வாசலிலிருந்து தொடங்கட்டும் என்கிறேன், அவ்வளவே. பழைய மாணவனிடம் அந்த எட்டாம் வகுப்பு நாளை எடுத்துச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "அப்படியா சேர்? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றான். அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சென்ற மாதம் ஆங்கில ஆசிரியை சுகவீனமாக விடுமுறையில் இருந்தபோது, அவர் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். புத்தகத்தைத் திறந்து எழுத்துவேலை கொடுத்துவிட்டு இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், முப்பத்திரண்டு பிள்ளைகள்முன் நின்று, என்னுடைய ஆங்கிலத்திலே பேசத் தொடங்கினேன். உள்ளங்கை வியர்த்தது. முதல் நாள் ராகலைக்குப் போய் வந்ததைச் சொல்ல எண்ணி, "யெஸ்டர்டே ஐ கோ டு ராகலை" என்றேன். வேண்டுமென்று விட்ட பிழையன்று. உண்மையாகவே வந்த பிழை. வகுப்பிலே ஓர் அமைதி. இரண்டாம் வாங்கில், நான் கடைசி வாங்கிலிருந்து பார்த்த அன்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பெண்பிள்ளை, எழுந்திராமலே, மெதுவாகச் சொன்னது:

"வென்ட், சேர்."